பச்சை என்று நான் சொன்னது

எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் அவருக்கு, ஜீப் எனக்கு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். என் கணவருக்குப் பள்ளிக்கூட வேலை. கோவில்பட்டித் தார்ச்சாலையை விட்டுக் கீழே இறங்க வேண்டிய தேவை அவருக்கு வருவதில்லை. நிலத்தைப் பார்ப்பது நான். ஓட்டப்பிடாரம் சாலையிலிருந்து பிரிந்து நாலைந்து கிலோமீட்டர் மண்பாதையில் போனால் எங்கள் புஞ்சை வரும். கோடையில் அந்தப் பாதையில் எது வேண்டுமானாலும் போகும். ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விழுந்துவிட்டால் கரிசல் மண் களியாகிச் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு வரும். ஸ்கூட்டரின் முன்சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். டிராக்டர் போகும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி போகும். அதனால்தான் ஏலத்தில் வந்த ஒரு பழைய டீசல் ஜீப்பை வாங்கினோம். அதை ஓட்டப் பழகியபோது எனக்கு நாற்பத்தொரு வயது.

பாதையின் நடுவில் ஒரு ஓடை குறுக்கிடும். வருடத்தில் பத்து மாதம் அது ஓடை என்பதே தெரியாது, வேலிக்கருவை மண்டிய பள்ளம், அவ்வளவுதான். அந்த ஐப்பசியில் மேற்கே எங்கோ பெய்த மழை அதில் வந்துகொண்டிருந்தது. உளுந்தில் தண்ணீர் தேங்கியிருக்குமே என்ற கவலையில் நான் ஆழம் பார்க்காமல் இறங்கிவிட்டேன். முட்டளவுக்கு மேல் தண்ணீர். பாதி கடந்ததும் வண்டியின் முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். தகரத்தை அரிவாளால் கொத்துவதுபோல. எப்படியோ அக்கரை ஏறினேன். ஏறியதும் பானட்டைச் சுற்றி ஆவி எழும்பியது.

பக்கத்துப் புஞ்சைக்காரர் டிராக்டரோடு வந்து இழுத்துப் போய்ச் சாலையில் விட்டார். அவர் என் கணவருக்குத் தூரத்து உறவு, தம்பி முறை. என்னை மதினி என்பார். நல்ல மனிதர், கூப்பிடாமலே வந்து உதவுகிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் மெக்கானிக் பானட்டைத் திறந்து காட்டினார். எஞ்சினின் முன்னால் பெல்ட்டில் சுற்றுகிற இரும்பு விசிறி. காற்றில் சுற்ற வேண்டிய அது, தண்ணீருக்குள் போனதும் கப்பலின் விசிறிபோல முன்னோக்கி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இதழ் வளைந்து ரேடியேட்டரை வட்டமாகச் சீவிவிட்டது.

"இந்த விசிறிய மறுபடி மாட்டுனா அடுத்த மழைக்கும் இதே கததான். எஞ்சின் ஓடுனா இதுவும் சுத்தும், தண்ணின்னும் தெரியாது தரைன்னும் தெரியாது. கரண்டு விசிறி போட்டுக்கிடுங்க. ஓடைல எறங்கும்போது நிறுத்திக்கிடலாம். ரேடியேட்டரு நான் மாத்தித் தாரேன். ஒயர் வேலைக்கு மட்டும் அந்தப் பாய் கடைக்குப் போங்க. வேற யார்கிட்டயும் குடுத்துராதீங்க."

வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைப் பற்றிச் சொல்வது அபூர்வம். எனக்கு அது அப்போதே மனதில் பதிந்தது.

கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரே ஷட்டர். கடைக்காரர் என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். ஊரெல்லாம் அவரைப் பாய் என்று கூப்பிட்டது. அவர் என்னை எடுத்ததுமே அக்கா என்றதால் எனக்குத் தம்பி என்றே வந்துவிட்டது. அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தச் சந்தைச் சுற்றியேதான் கடை வைத்திருந்தது: அப்பாவுக்குத் துணிக்கடை, பெரியப்பாவுக்கு இரும்புக்கடை. இவர் மட்டும் வண்டி ஒயரிங்.

உடைத்த கார் ஒன்றிலிருந்து எடுத்த மின்விசிறியை மெக்கானிக் கொடுத்துவிட்டிருந்தார். அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார் தம்பி.

"எங்கனெங்கன போவீங்க இந்த வண்டில?"

சொன்னேன். மழைப்பாதை, ஓடை, களியில் முதல் கியரில் அரை மணி நேரம் ஊர்வது, மக்காச்சோள அறுப்புச் சமயத்தில் தூசியும் சருகும் ரேடியேட்டரில் அடைப்பது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஓடைல எறங்குறப்ப நிறுத்தணும். சரி. கரையேறின பெறகு போட மறந்துட்டீங்கன்னா?"

நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்.

"மறப்பீங்க. கவனம்லாம் பாதை மேலதான இருக்கும். அதனால நீங்க போடுற மாதிரி வைக்க வேண்டாம். தண்ணி சூடான உடனே அதுவாப் போட்டுக்கிடணும். ஆற வச்சுட்டு அதுவா நிக்கணும். நீங்க நிறுத்துததுக்கு மட்டும் ஒரு சுவிச்சு. நிறுத்தி வச்சிருக்கீங்கன்னு ஞாபகப்படுத்த உங்க கண்ணுக்கு நேரா ஒரு சின்ன லைட்டு."

கேட்ட வேலையைச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் விட்டதையும் சேர்த்து யோசிக்கிறவர்களை நான் என் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை.

வேலை இரண்டு நாள் நடந்தது. மழை விட்டிருந்தது, வயலில் அவசரம் இல்லை. நான் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் பேட்டரி, சார்ஜ் ஏறுவது, பழைய ஒயர்கள் எல்லாவற்றையும் சோதித்தார். இவ்வளவு பெரிய விசிறி கிளம்பும்போது வீட்டு மோட்டார் மாதிரி ஒரு இழுப்பு இழுக்கும், அதை டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரே கொண்டுபோனால் சுவிட்ச் உருகிவிடும் என்றார். நடுவில் ரிலே என்ற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை வைத்தார். "சுவிச்சுல போறது ஒரு சொல்லு மட்டுந்தான்க்கா. வேலையச் செய்யுற கரண்டு தனியா, தடிச்ச ஒயர்ல, பேட்டரில இருந்து நேரா வரும்." பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தார். எர்த் ஒயரைத் திருகுகிற இடத்தில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் பெயின்டை உப்புத்தாளால் வெள்ளையாகத் தெரிகிறவரை தேய்த்தார். பெயின்டின் மேலே திருகினால் அன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் நிற்கும் என்றார்.

ஒரு விஷயத்தைக் கவனித்தேன், அப்போது அதன் பொருள் புரியவில்லை. எதையும் நிறம் சொல்லிக் கேட்கவே மாட்டார். "சுவரோரம் ரெண்டாவதா இருக்க ரோல் எடுங்க", "மெலிசா இருக்கே, அத." ஒவ்வொரு ஒயரின் முனையிலும் வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டிருந்தார். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. கரண்டு வருகிறதா என்று டெஸ்ட் பல்பை வைத்துப் பார்க்காமல் ஒரு முனையைக்கூட இணைக்கவில்லை. அப்போதுதான் அவரே போட்ட ஒயரைக்கூட மறுபடி பல்பு வைத்துப் பார்ப்பார்.

இரண்டாம் நாள் காலையில் வெயில் ஷட்டருக்குள் வந்தது. நான் ஸ்டூலை உள்ளே தள்ளிப்போட்டேன். இடம் போதாமல் சுவரோரம் இருந்த இரண்டு ரோல்களை நகர்த்தி, பிறகு திரும்ப வைத்தேன். வைத்தபோது இடம் மாறிவிட்டது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் பேட்டரியிலிருந்து ரிலேக்குப் போகிற ஒயரை அளந்து வெட்டினார். முந்தின நாள் அதற்குச் சிவப்பு ஒயர் என்று அவர் போட்ட படத்தில் எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

"தம்பி, பச்சையில்லா எடுத்துட்டீங்க?"

அவர் கை நின்றது. ஒயரைப் பார்க்கவில்லை. சுவரோரம் ரோல்கள் இருந்த வரிசையைப் பார்த்தார்.

"பச்சையா இது?"

"ஆமா. சிவப்பு அந்தா கெடக்குல்லா."

ஒயரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். கோவில்பட்டியில் எந்தப் பட்டறையிலும் கை துடைக்கத் துணி தேட வேண்டியதில்லை. தீப்பெட்டி லேபிள் அச்சடித்து வீணான தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா. சிவப்பு, பச்ச, காவி, எல்லாம் காஞ்ச மண்ணு மாதிரிதான் தெரியும். நீலம் தெரியும். மஞ்சள் தெரியும்."

பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். இருபது வயதில் ஒரு வேலைக்குப் போய், எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் கண் பரிசோதனையில் ஒரு புத்தகத்தை நீட்டியிருக்கிறார்கள். புள்ளி புள்ளியாக இருந்தது, அதில் எண் இருக்கிறது என்றார்கள், இவருக்கு எண்ணே தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்ததாம். அப்புறம் ஒரு ஒயரிங் கடையில் சேர்ந்திருக்கிறார்.

"நெறம் தெரியாதவன் போயும் போயும் இந்த வேலைக்கா வரணும்னு நெனைக்கீங்க. எனக்கும் மொதல்ல பயந்தான். அப்புறம் பாத்தா, பழைய வண்டில எல்லா ஒயரும் கரி புடிச்சு ஒரே நெறமாத்தான் இருக்கு. பல்பு வச்சுப் பாக்காம யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. நான் எப்பவுமே பல்பு வச்சுத்தான் பாக்கேன்."

"அப்ப நெறம் மாறுனா என்ன, பச்சையே இருக்கட்டுமே" என்றேன், அவரைத் தேற்றுகிற நினைப்பில்.

"ஓடத்தான் செய்யும். நாளைக்கு வேற ஒருத்தன் பானட்டத் தொறப்பான். பச்சதானேன்னு பேட்டரி ஒயர்ல கை வச்சுருவான். எனக்கு நெறம் வேண்டாம்க்கா, அவனுக்கு வேணும்."

வெட்டிய பச்சை ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

"எம் பொண்டாட்டிக்குத் தெரியும். தெனம் கடை தொறக்கையில வந்து ரோலெல்லாம் வரிசையா வச்சுட்டுப் போவா. வேற யாருக்கும் தெரியாது. இது இங்கனயே இருக்கட்டும், என்ன?"

"சரி தம்பி" என்றேன்.

அந்த 'சரி'யை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. விசிறியின் மோட்டாரிலிருந்து வந்த இரண்டு ஒயர்கள் மட்டும் மிச்சம். நான் எட்டிப் பார்த்து, "இது சிவப்பு தம்பி, இது காவி" என்றேன். உதவுகிற உற்சாகம் எனக்கு. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். டெஸ்ட் பல்பை எடுக்கப் போன கையை மடக்கிக்கொண்டு, நான் சொன்னபடியே சிவப்பை ரிலேக்கும் காவியை எர்த்துக்கும் இணைத்தார். இணைத்துவிட்டு லேபிள் தாள் ஒன்றை ரேடியேட்டரின் முன்பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டார். விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். சரியாக இழுத்தால் தாள் வலையில் ஒட்டிக்கொள்ளும்.

"எஞ்சினப் போட்டு சூடேத்துங்க."

சில நிமிடம் கழித்து டக்கென்று ஒரு சத்தம், விசிறி கிளம்பியது. தாள் பறந்து அவர் முகத்தில் அடித்துவிட்டுச் சந்தில் போய் விழுந்தது. விசிறி எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. இடையில் யாரோ கைவைத்து மாற்றி ஒட்டிய ஒயர் அது, சிவப்புதான் எர்த்.

தம்பி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பாத்தீங்களாக்கா! நெறம் தெரிஞ்சவங்க பேச்சக் கேட்டா இப்படித்தான்." எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. முனைகளை மாற்றினார். தாள் வலையோடு ஒட்டிக்கொண்டு படபடத்தது.

இரண்டு வாரம் கழித்து ஓடையில் மறுபடி தண்ணீர் வந்தது. இந்தத் தடவை இறங்கி, குச்சியால் ஆழம் பார்த்துவிட்டு ஏறினேன். சுவிட்சைத் தட்டினேன், மஞ்சள் விளக்கு எரிந்தது. முதல் கியரில், ஒரே சீராக, தண்ணீர் பம்பரைத் தொட்டு விலக விலகக் கடந்தேன். அக்கரை ஏறியதும், அவர் சொன்னது சரிதான், விசிறியை நான் மறந்தேபோய்விட்டேன். நூறடி போனபிறகுதான் அந்த மஞ்சள் விளக்கு கண்ணில் பட்டது. தட்டினேன். ஏறியிருந்த சூட்டுமுள் மெல்ல இறங்கியது. ஒரு முள் இறங்குவதைப் பார்த்து மனிதர்களுக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்று இருந்தது.

பக்கத்துப் புஞ்சைக்காரர் டிராக்டரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"மதினி, இன்னைக்கும் நான்தான் இழுக்கணுமோன்னு பாத்தேன். என்னமா வந்துட்டீங்க!"

பானட்டைத் திறந்து காட்டினேன். ஒயர்கள் ஓடுகிற ஒழுங்கையும், நூல் முடிச்சுகளையும், ஃபியூஸையும் என் கைவேலைபோலக் காட்டினேன்.

"யாரு செஞ்சது?"

சொன்னேன். கடையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்த நூலு முடிச்சு எதுக்கு மதினி?"

"அதுதான் விசேஷமே. அவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பொறவியிலேயே. நெறமே தெரியாம இம்புட்டுச் சுத்தமாச் செஞ்சிருக்காருன்னா பாத்துக்கிடுங்க!"

"அப்படியா!" என்றார் அவர், உண்மையான வியப்போடு.

அந்தப் பேச்சை நான் எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நூல் முடிச்சு எதற்கு என்று அவர் கேட்டார், அதனால் சொல்ல வேண்டியதாயிற்று என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாபகத்துக்காகப் போட்டிருக்கிறார் என்றால் முடிந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் என் வண்டிக்கு ஒரு கதை இருந்தது, கேட்க ஒருவர் இருந்தார், அதைச் சொல்லும் சந்தோஷம் என் நாக்கில் இருந்தது. அவ்வளவுதான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

தை மாதம் உளுந்து அடித்து முடித்திருந்தோம். களத்தில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் புஞ்சைக்காரர் வந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "எம் மச்சினன் வேனெல்லாம் வேற எடத்துக்கு மாத்திட்டான் மதினி. நீங்க சொன்ன அந்தப் பாய் கடையிலதான் இம்புட்டு நாளும் விட்டுக்கிட்டு இருந்திருக்கான்."

அவருடைய மச்சினன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற நான்கைந்து வேன்கள் ஓட்டுகிறவர். எனக்கு அதுவரை அது தெரியாது.

"ஏன் மாத்துனாரு? வேன்ல எதும் கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்ல. நெறம் தெரியாதவர்னு நான் சொல்லப்போயி அவன் பயந்துட்டான். பிள்ளைகள ஏத்துத வண்டில்லா."

"என் வண்டி நல்லா ஓடுதே!"

"உங்க வண்டில நீங்க மட்டுந்தான போறீங்க மதினி."

அவர் மச்சினனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்குப் பயம் வரத்தான் செய்யும். பயத்தின் வழக்கம் அது, கணக்குக் கேட்காது. இத்தனை வருடமாக அந்த வேன்களில் ஒரு ஒயராவது கருகியதா, ஒரு விளக்காவது பாதி வழியில் அணைந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. 'தெரியாதாமே' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது நான்.

அடுத்த ஒரு மாதம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தால் சுற்றிப் போனேன். ஹாரன் வேலை செய்யவில்லை, அதைச் சரிசெய்யாமலே ஓட்டினேன். ஒருநாள் சாப்பிடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"அவருக்குத் தெரியுமோ தெரியாதோன்னு இருக்கியா?"

"ஆமா."

"தெரியாட்டா சொல்லணும். தெரிஞ்சிருந்தா கண்டிப்பாப் போகணும்" என்றார்.

மறுநாள் காலை போனேன். ஒரு ஆட்டோவின் அடியில் படுத்திருந்தார். என் செருப்பைப் பார்த்தே அடையாளம் கண்டாரோ, குரலை வைத்தோ, "வாங்கக்கா" என்று உள்ளிருந்தே சொன்னார். வெளியே வந்து உட்கார்ந்தார். நான் நின்றபடியே சொன்னேன். எங்கே, யாரிடம், என்ன வார்த்தையில் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"தெரியும்க்கா. மொத வேன் போன அன்னைக்கே தெரியும். எம் பொண்டாட்டி சொல்லியிருக்க மாட்டா. மிச்சம் நீங்க ஒரு ஆளுதான்."

"உங்களப் பெருமையாத்தான் தம்பி சொன்னேன். கொறையாச் சொல்லல."

"அதுவும் தெரியும். நீங்க என்னத் திட்டிச் சொல்லியிருந்தீங்கன்னா ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான். ஏதோ சண்டைன்னு விட்டுருப்பான். பெருமையாச் சொன்னதுனாலதான் நம்பிட்டான்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வேன்காரரிடம் நானே போய்ப் பேசுகிறேன், என் வண்டியைக் காட்டுகிறேன் என்றேன்.

"வேண்டாம்க்கா. நீங்க போய்ப் பேசுனா, அத வேற நாலு பேரு பேசுவாங்க. நீங்க பேசாம இருங்க. எனக்கு அது போதும்."

அப்போதுதான் கடைக்குள் இன்னொருவர் இருப்பதைக் கவனித்தேன். அவர் மனைவி. தலையில் முக்காடு போட்டு, முன்னால் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, ஒயர் முனைகளில் கிளிப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒயர்கள் நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கியிருந்தன. முன்பெல்லாம் கடை திறக்கிற நேரத்தில் வந்து ரோல்களை வரிசைப்படுத்திவிட்டு, ஆள் வருமுன் போய்விடுகிறவர். இப்போது முழு நேரமும் கடையில் இருக்கிறாராம். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லையே. வருகிற ஒவ்வொருவரிடமும் வேலையைத் தொடுமுன்பே தம்பி சொல்லிவிடுகிறாராம்: எனக்கு இன்ன நிறம் தெரியாது, இப்படித்தான் பார்ப்பேன், இவ இருக்கா, இஷ்டம்னா விடுங்க. சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நிறையப் பேர் விட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. "பாத்தீங்களா தம்பி, இதுவும் ஒரு வகையில நல்லதுக்குத்தான்…" என்று ஆரம்பித்தேன்.

"அப்படிச் சொல்லித் தப்பிச்சுக்கிடாதீங்கக்கா" என்றார்.

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஸ்பேனரைத் தேடிக்கொண்டே சொன்னார். ஆனால் நான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, இன்றுவரை முடிக்கவில்லை. அதிலிருந்து நல்லது எது வந்திருந்தாலும் அது அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டது. அதில் பங்கு கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

வேன்கள் திரும்பி வரவில்லை. என் வண்டியின் வேலைகள் எல்லாம் இப்போதும் அங்கேதான். தம்பி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார், டீ சொல்கிறார், பிள்ளைகளை விசாரிக்கிறார். முன்போல 'அத எடுங்க, இதப் பிடிங்க' என்று மட்டும் என்னிடம் கேட்பதில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம். வேறு யாருக்கும் அது கண்ணில் படாது.

போன புரட்டாசியில், மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஜீப்பைக் கொண்டுபோய் விட்டேன். தம்பி கழுகுமலைப் பக்கம் எங்கோ நின்றுபோன வண்டியைப் பார்க்கப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் இருந்தார். பானட்டைத் திறந்து, டெஸ்ட் பல்பை எடுத்து, ஒவ்வொரு முனையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு எல்லா நிறமும் தெரியும்; இருந்தும் ஒரு முனையைக்கூட விடவில்லை. எர்த் திருகியிருந்த இடத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கழற்றி, தேய்த்து, மறுபடி முறுக்கினார்.

வேலை பாதியில் இருக்கும்போதே, நிமிராமல் பேசினார்.

"நீங்க அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா நான் இங்கன உக்காந்திருக்க மாட்டேன். வீட்லதான் இருந்திருப்பேன். இந்த வேல எனக்குப் பிடிச்சிருக்குக்கா. ஆனா அந்த மூணு மாசம் அவிய சரியாச் சாப்பிடல. தூங்கல. அதையும் நான்தான பாத்தேன்."

அடுத்த முனைக்குப் பல்பைக் கொண்டுபோனார்.

"உங்க மேல கோவப்படணுமா, என்ன செய்யணும்னு எனக்கே தெரியல."

"எனக்கும் தெரியலம்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிர்பார்த்த பதில் அதுவா, வேறா என்று அந்த முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பல்பைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி, "வண்டியக் கொஞ்சம் முன்னால எடுங்கக்கா, வெயிலு நேரா கண்ணுல அடிக்கி" என்றார். ஏறி, சாவியைத் திருப்பி, இரண்டடி முன்னால் எடுத்து நிறுத்தினேன்.